பூச்சி மருந்து கொடுத்தும் போகாத புழு: ஈயும் கொசுவும் மாட்டுக்குக் கொண்டுவருவதை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பூச்சி மருந்து ஊற்றுகிறேன், அப்புறம் எப்படி மாட்டின் கண்ணில் புழு நெளிகிறது? மாடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் எப்போதாவது இதைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டவன்தான். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவும் கிளம்பினேன். மருந்தில் தப்பில்லை, நான்தான் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

நாம் வாயில் ஊற்றும் ஆல்பென்டசோல், ஃபென்பென்டசோல் எல்லாம் முக்கியமாகக் குடலில் இருக்கும் புழுவுக்கானவை. ஈயும் கொசுவும் கொண்டுவரும் புழுக்கள் குடல் பக்கமே போவதில்லை. ஒன்று கண் இமைக்கு அடியில் குடியிருக்கும். ஒன்று திமில் தோலுக்குள். ஒன்று தோலுக்கும் சதைக்கும் நடுவில். இன்னொன்று குடலுக்கு வெளியே, வயிற்றறையில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். இதற்கெல்லாம் மருந்து வேறு, தேடும் இடமும் வேறு. அதனால் மருந்தின் பெயரிலிருந்து தொடங்காமல், மாட்டின் உடம்பில் எது எங்கே தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காய்ச்சல் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் கட்டியிருந்த மாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், நிழலில் நிறுத்திப் பாருங்கள். 104 காட்டினால் கீழே நான் சொல்லும் புழுக்களை மறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்தப் புழுக்கள் பொதுவாகக் காய்ச்சல் தருவதில்லை.

கண்ணில் நீர் வடிகிறது, ஈ மொய்க்கிறது

அதிகம் பார்ப்பது இதுதான். கன்னத்தில் ஈரக்கோடு, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இடுக்கிக்கொள்வது, கருவிழியில் லேசான புகைமூட்டம். ஒரு கண்ணிலும் வரலாம், இரண்டிலும் வரலாம்.

மாட்டை நிழலில் கட்டி, ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைச் சாய்க்க, நீங்கள் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்க மூலையில் சதைத் திரை போல மூன்றாவது இமை ஒன்று உண்டு. புழு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால். வெள்ளை நூல் போல, 1 அல்லது 2 சென்டிமீட்டர் நீளம், பாம்பு மாதிரி வளைந்து நகரும். அதுதான் கண்புழு, தெலேசியா. முதல் தடவை காணவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், மறுநாளும் பாருங்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனித்தே ஆக வேண்டும். புழு கண்ணின் மேல்பரப்பில் வழுக்கி இமைக்குள் போகிறதா, அல்லது கருவிழிக் கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரில் நீந்துகிறதா? மேலே நகர்ந்தால் தெலேசியா. டாக்டர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, இடுக்கியால் எடுத்துவிடுவார் அல்லது கழுவிவிடுவார். மிச்சம் மீதி இருப்பதற்கு லெவாமிசோலோ ஐவர்மெக்டினோ கொடுப்பார். உள்ளே நீந்தினால் அது செட்டேரியா என்ற வேறு புழுவின் குட்டி, கொசு கொண்டுவந்தது. குதிரைகளில் அதிகம், மாட்டிலும் வரும். அதைக் கண்ணுக்குள்ளேயே மருந்து போட்டுக் கொன்றால், செத்த புழு கண்ணை இன்னும் வீங்க வைக்கும். சின்ன அறுவை செய்து உயிரோடு வெளியே எடுப்பதுதான் வழி.

புழுவே இல்லையா? வைக்கோல் முள்ளோ புல்லின் சுணையோ குத்தியிருக்கலாம். கருவிழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்து, ஒரே வாரத்தில் நாலைந்து மாட்டுக்கும் கன்றுக்கும் பரவினால் அது பாக்டீரியாவால் வரும் கண்ணோய். அதையும் பரப்புவது அதே ஈதான். ஆனால் மருந்து வேறு.

வீட்டில் மிச்சம் கிடக்கும் கண் சொட்டு மருந்தை விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்துவிட்டால், புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும். எங்கள் ஊரில் புகையிலையையும் உப்பையும் மென்று மாட்டின் கண்ணில் உமிழ்வார்கள். சின்ன வயதில் அதை நான் வித்தையாகப் பார்த்திருக்கிறேன். புழு எரிச்சல் தாங்காமல் வெளியே வருவதும் உண்டு, அதனால்தான் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த எரிச்சல் மாட்டுக்கும்தானே. புண்பட்ட கருவிழிக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

சரி, புழு எப்படிக் கண்ணுக்கு வந்தது? தாய்ப்புழு போடும் குட்டிகள் கண்ணீரில் கலந்திருக்கும். கண்ணீரை நக்க வரும் ஈ அதையும் சேர்த்துக் குடிக்கும். ஈயின் உடம்பில் இரண்டு முதல் நான்கு வாரம் வளர்ந்து அதன் வாய்ப்பகுதிக்கு வந்து, அடுத்த மாட்டின் கண்ணில் ஈ உட்காரும்போது இறங்கிவிடும். கடிக்காத ஈ, வெறும் நக்கும் ஈ. ‘என்ன, கண்ணில் ஈதானே மொய்க்கிறது’ என்று நாம் கண்டுகொள்ளாமல் விடுகிறோமே, அந்த ஈ.

திமிலில் ஆறாத புண்

முதலில் வேர்க்குரு போலச் சிறு கொப்புளங்கள். மாடு சுவரிலும் மரத்திலும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் முடி கொட்டி, பொருக்கு கட்டி, உரித்தால் சிவந்து கசியும். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் பெருக்கும், ஈ குறையும் காலத்தில் சற்று வறளும், மறு வருடம் அதே இடத்தில் மறுபடியும் கிளம்பும். தோல் யானைத்தோல் மாதிரி தடித்துவிடும்.

இதற்குக் காரணம் ஸ்டெஃபனோஃபைலேரியா அசாமென்சிஸ் என்ற புழு. பெயரிலேயே அசாம் இருக்கிறது. அங்கும் ஒடிசா, மேற்கு வங்கம், அந்தமான் பக்கமும் நன்கு அறிமுகமான நோய், கேரளத்திலும் உண்டு. புண்ணில் உட்காரும் மஸ்கா கண்டுசென்ஸ் என்ற சிறிய ஈ இதைச் சுமக்கிறது. எருமைக்கு இதன் உறவுக்காரப் புழு ஒன்று காதில் புண் போடும். திமில் இல்லாத கலப்பினப் பசுவுக்கும் கழுத்திலோ காலிலோ வரலாம், ‘திமில்தான் இல்லையே’ என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றைக் குழப்பிக்கொள்கிறோம். நுகத்தடி உரசிய புண் என்றால், இரண்டு மூன்று வாரம் வேலைக்குப் பூட்டாமல் விட்டால் ஆற ஆரம்பிக்கும். நுகத்தையே பார்க்காத பசுவின் திமிலில் புண் இருந்தால் அந்தச் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது, புழு வைத்த புண். குழி விழுந்திருக்கும், நாற்றம் அடிக்கும், அரிசி போலப் புழுக்கள் கண்ணுக்கே தெரியும். அவை ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தவை, ஈயின் பிள்ளைகள். திமில் புண்ணின் புழுவோ சில மில்லிமீட்டர்தான், தோலுக்குள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆக, கண்ணுக்குப் புழு தெரிகிறதென்றால் மூலகாரணம் எதுவானாலும் முதல் வேலை அந்தப் புழுவை எடுப்பது. மூன்றாவது, சொறி. அது ஓரிடத்தில் நிற்காமல் உடம்பில் பரவும்.

உறுதிப்படுத்த, புண்ணைச் சோப்பு நீரில் கழுவிப் பொருக்கை எடுத்துவிட்டு, ரத்தம் லேசாகத் துளிர்க்கும் வரை ஆழமாகச் சுரண்டி, உப்புக் கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. ‘பார்த்தாச்சு, இல்லை’ என்று வந்த முடிவுகளில் பல இப்படி வந்தவைதான். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

சிகிச்சையில் டாக்டர் ஐவர்மெக்டின் ஊசியோடு, ட்ரைகுளோர்ஃபான் கலந்த களிம்பு தடவச் சொல்லலாம். அது பூச்சிக்கொல்லி வகை, கையுறை போட்டுத் தடவுங்கள், மாடு நக்காமல் பாருங்கள். ஆனால் நான் மருந்துக்குச் சமமாக மதிப்பது புண்ணை மூடி வைப்பதை. திமிலில் கட்டு நிற்காது என்பது உண்மைதான். பழைய கொசுவலைத் துண்டை மடித்துத் திமில் மேல் போர்த்தி, நாடாவை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து கட்டினால் காற்றும் போகும், ஈயும் உட்காராது. ஈ உட்காராவிட்டால் இந்தப் புண்ணிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போவதும் நின்றது. சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுவது ஈயை விரட்ட உதவும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது.

தோலில் ரத்தம் துளிர்த்து வழிகிறது

வெயில் ஏறியதும் கழுத்திலோ தோளிலோ விலாவிலோ ஒரு ரத்தத் துளி, அதிலிருந்து ஒழுகிய கோடு. சாயங்காலம் நின்றுவிடும். மறுநாள் வேறு இடத்தில். முள்கம்பி கிழித்தது, உண்ணியைப் பிடுங்கிய இடம், குருட்டு ஈ கடித்தது என்றெல்லாம் நினைப்போம். அவையும் நடப்பதுதான். ஆனால் வெட்டுக்காயமே இல்லாமல், சின்னக் கட்டி ஒன்று தோன்றி அதன் நடுவில் ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் பாராஃபைலேரியாவைச் சந்தேகிக்கலாம்.

இந்தப் புழுவின் திட்டம் வியக்க வைக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் பெண் புழு, தோலைத் துளைத்து வழியும் ரத்தத்திலேயே முட்டையிடுகிறது. அதுவும் ஈ சுறுசுறுப்பாக இருக்கும் பகல் வெயிலில். ரத்தத்தைக் குடிக்க வரும் ஈக்குப் பந்தி போட்டு, சாப்பாட்டிலேயே முட்டையையும் வைத்து அனுப்புகிறது. புழு மாட்டுக்குள் நுழைந்து இப்படி ரத்தம் கசிய வைக்க ஏழெட்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே இன்று ரத்தம் பார்த்தால், காரணமான ஈ போன வருடத்தது. புதிதாக வாங்கிவந்த மாடென்றால் பழைய கொட்டகையிலேயே தொற்றியிருக்கலாம்.

துளிர்க்கும் புது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்த்தால் முட்டை தெரியும். உறைந்துபோன ரத்தத்தைக் கொண்டுபோய்ப் பயனில்லை.

தோலில் கட்டிகள்

காய்ச்சலோடு உடம்பெங்கும் வட்டக் கட்டிகள் என்றால் அது தோல் கழலை நோய். வைரஸ், புழு இல்லை. இந்தியாவில் 2019-இல் முதலில் ஒடிசாவில் தெரிந்தது. அதையும் கடிக்கும் பூச்சிகள் பரப்பும். மாட்டைத் தனியே கட்டிவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள், கால்நடை உதவிக்கான இலவச எண் 1962 இருக்கிறது. காய்ச்சல் இல்லாமல் ஒன்றிரண்டு கெட்டிக் கட்டிகள் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் ஆன்கோசெர்கா என்ற புழுவாக இருக்கலாம். கொசுவைவிடச் சிறிய, கொசுவலைக்குள்ளும் நுழையும் கடிக்கும் பூச்சிகள் அதைக் கொண்டுவரும். பெரும்பாலும் மாட்டுக்குத் தொந்தரவில்லை.

மாடு நன்றாக இருக்கிறது, ஆடு பின்காலை இழுக்கிறது

ஈ, கொசு பற்றிய பேச்சில் ஆடு எங்கே வந்தது என்று தோன்றும். மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா டிஜிடேட்டா என்ற புழு விரல் நீளத்துக்கு வெள்ளை நூலாகக் கிடக்கும். கறிக்கடைக்காரர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். மாட்டுக்கு ஒன்றும் செய்வதில்லை. அதன் குட்டிகள் ரத்தத்தில் ஓடும், கொசு குடிக்கும், சுமார் இரண்டு வாரத்தில் அடுத்த பிராணிக்குத் தயாராகும். அந்தக் கொசு மாட்டுக்குப் பதில் ஆட்டைக் கடித்தால் புழு வழி தெரியாமல் அலைந்து முதுகுத்தண்டுக்கோ மூளைக்கோ போய்விடுகிறது. நேற்றுவரை துள்ளிய ஆடு இன்று பின்காலை இழுக்கும், ஒரு பக்கம் சாயும். தீனி மட்டும் எடுக்கும், காய்ச்சல் இருக்காது. இலங்கையில் ஆடு வளர்ப்போருக்கு இது பழகிய தொல்லை.

இதில் நேரம்தான் எல்லாம். முதல் ஓரிரு நாளிலேயே டாக்டர் பார்த்தால் தேற வாய்ப்புண்டு. நரம்பு அறுந்த பிறகு புழுவைக் கொன்றும் கால் திரும்பாது. ஒரு எச்சரிக்கை: நடை தடுமாறுவதோடு எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல் இருந்தால் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதீர்கள்.

கொசு இப்படி நூற்புழுவைச் சுமக்கிறது என்பதை 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மேன்சன் என்ற மருத்துவர் கண்டார். அது மனிதனின் யானைக்கால் புழு. செட்டேரியா அதற்கு உறவுதான்.

ஈமேல் பழி போட வேண்டாத சில

தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்குவது, நீர்த்த கழிச்சல், இளைப்பு: தட்டைப்புழுவைப் பாருங்கள், கொண்டுவருவது வாய்க்கால் நத்தை. ஆல்பென்டசோல் இரைப்பைத் தட்டைப்புழுவுக்குச் சரிவராது, ஆக்ஸிகுளோசனைடு கேட்கும். குறட்டை விட்டுக்கொண்டு மூக்கில் சளியும் சதையும் வளர்வது: ரத்தத் தட்டைப்புழு, அதுவும் நத்தை வழிதான். பிறந்த சில வாரத்திலேயே கன்று வெளுத்த, நாற்றமடிக்கும் கழிச்சல் போட்டால் தாய்ப்பாலில் வந்த உருண்டைப்புழு.

மருந்து போட்டோம், திரும்பவும் வந்துவிட்டது

முதல் சந்தேகம் அளவின் மேல். கண்ணளவில் எடை சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். நாடா எடுத்து முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். 60 அங்குலச் சுற்றளவு, 50 அங்குல நீளம் என்றால் சுமார் 272 கிலோ. 1 சதவீத ஐவர்மெக்டின் 50 கிலோவுக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில். அதாவது இந்த மாட்டுக்குச் சுமார் ஐந்தரை மில்லி. ‘200 கிலோ இருக்கும்’ என்று நான்கு மில்லியோடு நிறுத்தியிருந்தால் மருந்து போதாமல் போயிருக்கும்.

கறவை மாட்டுக்கு இந்த ஊசியைத் தாமாகப் போட வேண்டாம். கொழுப்பில் கரையும் மருந்து, பாலில் பல நாள் வந்துகொண்டிருக்கும். எப்ரினோமெக்டின் என்று பாலுக்குத் தொந்தரவில்லாத மாற்று இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாட்டுக்கு வந்ததற்காகக் கொட்டகை முழுவதற்கும் ஊசி போடுவதும் தேவையில்லை. ஐவர்மெக்டின் பெருமளவு சாணத்தில்தான் வெளியேறுகிறது. சாணத்தை உருட்டி மண்ணுக்குள் இழுத்துப்போகும் வண்டுகளின் குஞ்சுகளையும் கொன்றுவிடும்.

இரண்டாவது சந்தேகம் சாணத்தின் மேல். என் கணக்கில் இதுதான் பெரிய ஓட்டை. வெயில் காலத்தில் சாணியில் ஈ இட்ட முட்டை பறக்கும் ஈயாக எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை அள்ளுவது, பிள்ளை பெற்று முடித்தபின் வீட்டைக் காலி செய்யச் சொல்வது மாதிரி. இரண்டு நாளுக்கு மேல் சாணி ஈரமாக ஓரிடத்தில் கிடக்கக் கூடாது. கொட்டகைக்குள்ளே மட்டும் அல்ல, மேய்ச்சல் காட்டில் மாடு படுக்கும் மர நிழலிலும் பாருங்கள். இந்த ஈக்களில் சில, தரையில் விழுந்த புதுச் சாணியைத் தேடி வந்து முட்டையிடுபவை.

வரட்டி தட்டுவதை நான் ஈ மருந்துக் கணக்கில்தான் சேர்ப்பேன். மெல்லியதாகத் தட்டிச் சுவரில் காயவைத்த சாணியில் ஈக்குஞ்சு பிழைக்காது. குவித்து எருவாக்கினால் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள், உள்ளே ஏறும் சூட்டில் ஈக்குஞ்சு வெந்துவிடும். ஓரங்கள்தான் குளிராக இருக்கும், ஈ அங்கேதான் பொரியும், ஆகவே ஓரத்தை எடுத்து நடுவில் போட்டுக் கிளறுங்கள். சாண எரிவாயுக் கலன் இருந்தால் வேலை மிச்சம்.

கொசுவுக்கு மூத்திர வாய்க்கால் தேங்காமல் ஓட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை முழுதாகக் காலி செய்து தேய்க்க வேண்டும். மாலையில் வேப்பிலை மூட்டம் போடுகிறோம், புகை இருக்கும் வரைதான் அதன் பலன். ஆட்டுக்கொட்டிலுக்கு வலை கட்டுவது அதைவிட மேல்.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்கும்போது மீன் குட்டையையும் பூனையையும் விலக்கி வையுங்கள். ‘தெளித்தும் ஈ குறையவில்லையே’ என்று மனம் தளர வேண்டாம். ஒரு ஈ புழுவை வாங்கி, அதைத் தரும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்க வேண்டும். மொய்ப்பது குறையாவிட்டாலும், மொய்ப்பவை இளம் ஈக்களாக இருந்தால் ஆபத்து பாதி குறைந்த மாதிரிதான்.

குறைகிறதா என்று பார்க்க நான் செய்வது: காலை பத்து மணிக்கு ஐந்து மாடுகளின் முகத்தில் ஒரு பக்கத்து ஈயை எண்ணி, கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் எழுதுவேன். வாரம் ஒருமுறை போதும். மூன்று வாரம் சாணியை ஒழுங்காக அள்ளியும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் ஈ வெளியிலிருந்து வருகிறது. அது ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாராளமாகப் பறக்கும். எங்கள் விஷயத்தில் அது பக்கத்து வீட்டுக் குப்பைமேடு. அந்த அண்ணனுக்கு எருவை மூட ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொடுத்தேன். ஐவர்மெக்டின் பாட்டிலுக்குக் கொடுத்து வந்ததைவிட அது குறைச்சல்தான்.